கல்லுப்பும் பாதுஷாவும்

சுகர் மெஷினில் 312 என்று வந்ததும் நான் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தேன். பாகு, நெய்ப்பிசுக்கு, சர்க்கரைத் தூள் என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. ஒரு மீன் செதில்தான் ஒட்டியிருந்தது.

"இன்னா துன்னீங்க அத்தை?"

"காலைல ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, கவலை மீன் கொயம்பு. சாயங்காலம் சக்கர போடாத டீ. வேற ஒண்ணும் துன்னல."

"மெய்யாலுமா?"

"அந்தோணியார் மேல சத்தியமா."

காலண்டரில் இருந்த அந்தோணியார் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போலவே நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் ஐரீன். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். கோடை விடுமுறையில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு டியூஷன் சென்டரில் வகுப்பு. கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும். அது நான் பிறந்து வளர்ந்த கொருக்குப்பேட்டைத் தண்ணீரின் குணம் என்று என் கணவர் பிராங்கிளின் சொல்வார். அவர் அங்கேதான் கூட்ஸ் யார்டில் வேலை பார்க்கிறார், அந்தத் தண்ணீரைத்தான் அவரும் குடிக்கிறார், ஆனால் அவருக்குக் கோபம் வருவதில்லை.

அத்தை என் மாமியார், பெயர் ஃப்ளோரன்ஸ். முப்பது வருஷமாக மீன் விற்கிறார். விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பார், ஆட்டோவில் போட்டுக்கொண்டு ராயபுரம் சந்தைக்கு வந்து தன் பலகைக்கு முன்னால் உட்காருவார், மதியம் வீடு திரும்புவார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாகவே முற்றிவிட்டது. மார்ச் மாதம் ஒரு கூடை கானாங்கெளுத்தி எடுத்து வந்தார். கண் உள்ளே போய், செவுள் வெளுத்த மீன். வாங்கினவர்கள் எல்லாரும் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துப் பலகைக்காரிகள் சிரித்தார்கள். ஃப்ளோரன்ஸ் அத்தையைப் பார்த்துச் சந்தையில் யாரும் சிரித்ததில்லை, அதுவரை.

"கண்ணு சரி பண்ணிக்கோ, இல்லன்னா கடைய வுட்டுடும்மா" என்றார் பிராங்கிளின்.

"வுட்டுட்டு? வூட்ல குந்திகினு துன்னுகினு இருந்தா செத்துப்பூடுவேன்டா" என்றார் அத்தை.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பலகை ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். அதனால் ஆபரேஷனை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வியாபாரமும் மந்தம். மே முதல் வாரத்தில் ஒரு தேதி கிடைத்தது. போனோம். சுகர் 338. இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி ஜூன் மூன்று. அதையும் விட்டால் ஜூலை கடைசிதான். அதற்குள் படகுகள் எல்லாம் போய் வந்து, சந்தை களைகட்டி, அத்தையின் இடம் போயிருக்கும்.

ஊசி போடாமல் இருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. மூன்று வருஷமாகக் காலையிலும் மாலையிலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், அதுவும் தானே. காலை நாஸ்தா சந்தையில் என்பதால் அந்த ஊசி சந்தையில். மாலை ஊசி எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி காயப்போடுகிற கொடிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல். மார்ச் வரை சுகர் நூற்றைம்பது, நூற்றறுபது என்று ஒழுங்காகத்தான் இருந்தது. ஏப்ரலில்தான் ஏற ஆரம்பித்தது. தெருமுனை கிளினிக்கில் ஹஃப்சா டாக்டர் இருபது யூனிட்டை இருபத்தாறாக்கினார். பிறகு முப்பத்திரண்டாக்கினார். சுகர் அசையவில்லை.

நான் என்ன நினைப்பேன்? வீட்டில் சர்க்கரை டப்பாவைப் பூட்டினேன். வெல்லத்தை என் பீரோவில் வைத்தேன். பக்கத்து வீட்டு ஜானட் அக்கா சர்ச்சில் மகளுக்கு முதல் நன்மை கொடுத்த விருந்துக்குக் கேக் கொடுத்து அனுப்பியதை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். எங்கள் வீட்டுக்குள் ஒரு எறும்புகூட வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடிந்து வருகிற வழியில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஸ்வீட் ஸ்டால் உண்டு. அங்கே நின்று தினமும் ஒரு பாதுஷா தின்றேன். வீட்டில்தான் ஒன்றும் இல்லையே. எனக்குச் சுகர் இல்லை, அதனால் இது குற்றமில்லை என்று தீர்ப்பையும் நானே எழுதிக்கொண்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இன்னா துன்னீங்க அத்தை?" என்று விசாரணையை ஆரம்பிப்பேன்.

மாமாவின் பெயர் சவரிநாதன். துறைமுகத்தில் சிக்னல்மேன். அவருக்கு எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் அவசரமில்லை. அன்று ஷிப்ட் முடிந்து வந்து டீயை ஆற்றிக்கொண்டே, மறுநாள் வகுப்புக்காக நான் வரைந்துகொண்டிருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா, முட்டையா?"

"செல்லு மாமா. உடம்புல கோடிக்கணக்குல கீதே, அதுல ஒண்ணு. சுத்தி கீறது சவ்வு, தோலு மாதிரி. வெளிய புள்ளி புள்ளியா கீறது இன்சுலின்."

"அது எப்படி உள்ள போவும்?"

"போவாது. ஒரு அடிகூட உள்ள வைக்காது."

"போவாதா? அப்புறம் இன்னாத்துக்கு உங்க அத்த குத்திகினு கீறா?"

இந்தக் கேள்வியை முப்பது பிள்ளைகளில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். செல்லின் சவ்வில் ஏற்பி என்று ஒன்று பதிந்திருக்கும், பிள்ளைகள் ரிசெப்டர் என்பார்கள். அதன் தலை வெளியே, வால் உள்ளே. இன்சுலின் வந்து தலையில் பொருந்தும். பொருந்தினதும் வால் விழித்துக்கொள்ளும். வால் தன் பக்கத்தில் இருக்கிற ஒரு புரதத்தைத் தட்டும், அது அடுத்ததைத் தட்டும், ஒன்று பலவற்றைத் தட்டும். செல்லின் ஆழத்தில் சின்னச் சின்னப் பைகளில் சர்க்கரை நுழைவதற்கான கதவுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தட்டல் அங்கே போய்ச் சேர்ந்ததும் பைகள் மேலே ஏறி வந்து சவ்வோடு சேர்ந்துகொள்ளும். கதவு திறக்கும். ரத்தத்தில் தேங்கி நிற்கிற சர்க்கரை உள்ளே இறங்கும். இவ்வளவும் நடக்கும்போது இன்சுலின் வெளியேதான் நிற்கும்.

மாமா டீயைக் கீழே வைத்தார்.

"இது நம்ம வேலையாச்சே" என்றார். "ஃபோர்மேன் கரைல நிப்பான். கப்பலுக்குள்ள வரமாட்டான். நான் ஹேட்ச்சு ஓரத்துல நிப்பேன், கப்பலோட வாயி அது. அவன் கைய காட்டுனா நான் திரும்பி கிரேன் டிரைவருக்கு கைய காட்டுவேன். அவனுக்கு கப்பலோட அடி தெரியாது, என் கையிதான் தெரியும். அவன் லீவர இயுப்பான், கீய பத்து பேரு வெலகி எடம் வுடுவான், செயின அவுப்பான். ஃபோர்மேன் கால்ல தூசி ஒட்டாது. சரக்கு உள்ள போயிடும்."

"அப்ப நீங்கதான் மாமா ஏற்பி."

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். சுமையை இறக்கு என்கிற சைகை. "ஆரியா" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டார். கப்பலில் இறக்கு என்பதற்கு அதுதான் சொல்.

"சரி, உங்க அத்தைக்கு மட்டும் ஏன் சரக்கு எறங்கல?"

"ரெண்டு காரணந்தான் மாமா" என்றேன், பின்கட்டுக்கும் கேட்கிற குரலில். "ஒண்ணு, ஏற்பி மரத்துப்போச்சு. ஃபோர்மேன் கைய ஆட்டுறான், சிக்னல்மேன் திரும்பிப் பாக்கல. இல்லன்னா யாரோ திருட்டுத்தனமா இனிப்பு துன்றாங்க. மூணாவது காரணம் கெடையாது."

பின்கட்டில் பாத்திரம் ஒன்று சத்தமாக விழுந்தது.

மறுநாள் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. அத்தை சந்தையிலிருந்து வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நான் பையை எடுத்துக் கட்டில் மேல் கவிழ்த்தேன். சுருக்குப்பை, வெற்றிலை, ஜெபமாலை, கத்தி தீட்டுகிற கல், ஒரு சிரிஞ்சு, ஒரு பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பளபளவென்று வெள்ளைக் கற்கள். கற்கண்டு. பிடித்துவிட்டேன் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டேன்.

உப்பு. நாக்கு சுருண்டது.

திரும்பிப் பார்த்தால் ஈரத் தலையோடு அத்தை நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. கட்டில் மேல் கிடந்த ஜெபமாலையைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். நான் திட்டை எதிர்பார்த்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பைக்குள் வைத்தார், உப்புப் பொட்டலத்தை மடித்துக் கடைசியாக வைத்தார், ஆணியில் மாட்டினார். அப்புறம் நான்கு நாள் என்னிடம் பேசவில்லை.

அந்த நான்கு நாளும் சுகர் முன்னூறுக்கு மேலேதான். ஜூன் மூன்றுக்கு இன்னும் பத்து நாள். சந்தையில் அத்தையின் பலகைக்குப் பக்கத்தில் யாரோ வந்து அளவு பார்த்துவிட்டுப் போனதாகப் பூக்காரி வரலட்சுமி எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தை அதையும் எங்களிடம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் ஒரு பக்கம் பரிதாபப்பட்டேன், இன்னொரு பக்கம், ஒளித்து வைக்கிற இடத்தை மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்றும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஐரீனு, ரெண்டே காரணம்னு சொன்னல்ல? நான் நாலு நாளா யோசிச்சிகினு கீறேன். மூணாவது ஒண்ணு கீது."

"இன்னா மாமா?"

"ஒரு தபா நல்ல மழ. சரக்கு அந்தரத்துல தொங்குது, எறங்கல. எல்லாரும் என்னத்தான் திட்றான், கண்ணு அவிஞ்சிடுச்சான்னு. நான் கரையத்தான் பாத்துகினு கீறேன். ஃபோர்மேன் நிக்க வேண்டிய எடத்துல கரெக்டா நிக்கிறான். வாயத் தொறந்து கத்துறான். ஹார்பர் சத்தத்துல இன்னா கேக்கும்? கையி ரெண்டும் ரெயின்கோட்டுக்குள்ள கீது. ஆளு கீறான், கையி இல்ல. நான் இன்னான்னு திரும்புவேன்?"

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"நீ சிக்னல்மேன குத்தம் சொன்ன. சரக்கு அதிகம்னு உங்க அத்தைய குத்தம் சொன்ன. ஃபோர்மேனப் போய் பாத்தியா? அந்த மருந்துக்கு கையி கீதா?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இன்சுலின் ஒரு புரதம். புரதத்துக்கு அதன் மடிப்புதான் கை. மடிப்பு குலைந்தால் அதே மருந்துதான், அதே பாட்டில்தான், ஆனால் ஏற்பியில் பொருந்தாது. இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி.

பின்கட்டுக்குப் போனேன். அத்தை மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஊசி மருந்து பாட்டில எங்க வைக்கிறீங்க?"

"பொட்டில."

"எந்தப் பெட்டில?"

"மீன் பொட்டிலதான். ஐஸ்ல." நான்கு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசுகிறார், அதனால் குரல் விறைப்பாக இருந்தது. "நீதானே ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாதுன்ன."

ஆமாம், நான்தான் சொன்னேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஃப்ரிட்ஜைக் கழுவி வைத்தேன். மறுநாளே கதவுத் தட்டில் அந்தப் பாட்டில், அதன் மேல் செதில், பால் பாக்கெட்டில் மீன் வாடை. "கலீஜ் பண்ணாதீங்க அத்தை, இனிமே இது இங்க வரக் கூடாது" என்று கத்தினேன். கத்தினதோடு மறந்தும் போனேன். அவர் மறக்கவில்லை. மருந்து சூடாகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் ஞாபகம், மருமகள் சொன்னதும் ஞாபகம். இரண்டுக்கும் பொதுவாக அவருக்குத் தெரிந்த ஒரே குளிர்ச்சியான இடத்தில், தெர்மகோல் பெட்டியின் அடியில், ஐஸுக்குள் வைத்துவிட்டார். சந்தைக்குப் போனாலும் அதில், வீட்டுக்கு வந்தாலும் அதில்.

அப்போதும் நான் என் பக்கம் வாதாடினேன், மனசுக்குள். ஐஸ்தானே. உருகுகிற ஐஸ் பூஜ்ஜியம் டிகிரி. ஃப்ரிட்ஜைவிடக் கொஞ்சம்தான் குளிர்ச்சி. உறைந்தால்தான் மருந்தின் மடிப்பு குலையும், அதில் அவ்வளவு சுலபமாக உறைந்துவிடாது. அப்படி நினைத்துக்கொண்டே நின்றபோதுதான் என் நாக்கு எனக்கு முன்னால் விழித்துக்கொண்டது.

"அத்தை, உங்க பையில உப்பு இருந்துச்சே. கல்லுப்பு. அது எதுக்கு?"

"துன்றதுக்கு" என்றார் அத்தை. சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. "ஐஸ்ல போடத்தான். தடைக்காலத்துல போட்டுல வர்ற மீனு கெடையாது, மங்களூர் லாரில வர்ற மீனுதான். இந்த வெயில்ல மத்தியானம் வரைக்கும் தாங்காது. ரெண்டு கை கல்லுப்பு ஐஸ்ல வீசுனா மீனு கல்லு மாதிரி வெறைச்சிக்கும். எல்லாரும் பண்றதுதான்."

ஐஸில் உப்புப் போட்டால் பூஜ்ஜியத்துக்கு எத்தனையோ டிகிரி கீழே இறங்கும். குல்ஃபிக்காரர் பானையில் செய்வதும் அதுதான். மீனே கல்லாகிற இடத்தில் மருந்து என்ன ஆகும்?

பெட்டியைத் திறந்தேன். இரண்டு சங்கரா மீனைத் தள்ளினால் அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் பை, அதற்குள் பாட்டில். வெளியே எடுத்ததும் கண்ணாடி பூத்துப்போயிற்று. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தேன். நல்ல மருந்தை உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராகக் கலங்கும். இது கலங்கவில்லை. திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது, பாட்டிலின் சுவரெல்லாம் வெள்ளைப் பொட்டுகள். ஒவ்வொரு நாளும் உறைந்து, அத்தையின் உள்ளங்கைச் சூட்டில் உருகி, மறுபடியும் உறைந்து, புரதம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தது. முப்பத்திரண்டு யூனிட் என்று அவர் உடம்புக்குள் ஏற்றிக்கொண்டதில் ஏற்பியைத் தட்டக்கூடியது எவ்வளவு இருந்திருக்குமோ.

"பாருங்க அத்தை" என்று அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெள்ளையா கீது. எப்பவும் போலத்தான்."

புரை விழுந்த கண்ணுக்குக் கட்டி தெரியவில்லை. கட்டி தெரியாததால் சுகர் இறங்கவில்லை. சுகர் இறங்காததால் கண்ணுக்கு ஆபரேஷன் இல்லை. நடுவில் நான் ஒருத்தி, பையைக் கவிழ்த்துக் கற்கண்டு தேடிக்கொண்டு. சாட்சியை நாக்கில் போட்டுப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. விலங்கியல் டீச்சர்.

அன்று மாலையே பாட்டிலை ஹஃப்சா டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் அதை உருட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க வச்சிருந்தீங்க?"

சொன்னோம். உப்பு உட்பட.

"நான் டோஸை ஏத்திட்டே போனேன். பாட்டிலைக் கொண்டு வாங்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கணும்" என்றார். பிறகு புதுப் பாட்டிலுக்கு எழுதி, இருபது யூனிட் என்று போட்டு அதன் அடியில் இரண்டு கோடு கிழித்தார். "பழைய அளவுதான், ஞாபகம் வச்சுக்கோங்க. நல்ல மருந்துல முப்பத்திரண்டு போட்டா சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் போட்டுடும். தினம் ரெண்டு வேளை டெஸ்ட் பண்ணி எனக்கு போன் பண்ணுங்க."

ஒருவேளை ஏதோ ஒரு நாள் ஐஸில் வைக்காத நல்ல மருந்து கிடைத்து, அதிலும் முப்பத்திரண்டு போட்டிருந்தால்? ஆட்டோவில் வரும்போது அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தையில் முப்பது வருஷம் கத்தி பிடித்த கை, சொரசொரப்பாக இருந்தது.

"அத்தை, நான் உங்கள நம்பல. உங்க பையக் கவுத்தேன். பாட்டில ஃப்ரிட்ஜ்லேந்து தொரத்தினதும் நான்தான். தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"சர்த்தான்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அந்தோணியார் மேல சத்தியம் பண்ணேன், அப்பயும் நம்பல நீ. அதுதான் பேஜாராப்பூட்ச்சு" என்றார்.

நான் அந்தக் கையை விடவில்லை. அவரும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டை முழுசாகக் காலி செய்து கொடுத்தேன். சந்தையில் என்ன செய்வது என்பதற்கு வழி அத்தையே கண்டுபிடித்தார். பூக்காரி வரலட்சுமி மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி மூங்கில் கூடையில் வைத்திருப்பாள், வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே சில்லென்று இருக்கும். காலை ஊசி வரைக்கும் பாட்டில் அந்தக் கூடையில் இருக்கும். மீன் வாடை அடித்த மருந்து இப்போது மல்லிகை வாசனையோடு வீடு திரும்பி ஃப்ரிட்ஜுக்குப் போனது.

முதல் நாள் 281. இரண்டாம் நாள் 240. நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார, மாமா டீ தம்ளரோடு எதிரே நிற்பார். எண் வந்ததும் உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக இறக்குவார். "ஆரியா." 212. "ஆரியா, ஆரியா." ஆறாம் நாள் 178 வந்தபோது பிராங்கிளின்கூடக் கையை இறக்கினார். அத்தை மட்டும், "மூணு பேரும் பைத்தியம் புட்ச்ச மாதிரி பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டே, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்தோணியாருக்கு ஒரு முத்தம் கொடுத்தார். எனக்கு அவ்வளவு நிம்மதி. அன்று இரண்டு பாதுஷா தின்றேன்.

ஜூன் மூன்றாம் தேதி 154. வலது கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, தூசி படக் கூடாது. அந்த ஒரு மாதமும் வரலட்சுமி தன் பூக்கூடையை அத்தையின் பலகை மேலேயே வைத்து வியாபாரம் செய்தாள். அளவு பார்த்துவிட்டுப் போனவள் வந்து நின்றபோது, "இது ஃப்ளோரன்ஸ் அக்கா எடம்" என்று அவள் சொன்னது எங்கள் தெரு வரைக்கும் கேட்டிருக்கும் என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் நான் வகுப்பு முடிந்து வந்தேன். அத்தை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐரீனு, இங்க வா."

போனேன். கண்ணாடியைக் கழற்றினார். என் தோள் பக்கம் உற்றுப் பார்த்து, இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்தார். வெள்ளையாக ஒரு சின்னப் பொருக்கு.

"பாதுஷா" என்றார். "பாகு காஞ்சி ஒட்டிகினு கீது. கண்ணு ஸோக்கா தெரியுது."

"அத்தை, அது வந்து..."

"மே மாசத்துலேந்தே தெரியும். கண்ணுதான் மங்கல், மூக்கு நல்லாத்தானே கீது. நீ வாசல்ல செருப்பு கயட்டும்போதே நெய் வாசன வந்துடும்."

அந்த நாட்களை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். என் வாயில் நெய் மணக்க, நான் அவர் விரல் நுனிகளில் பாகு தேடியிருக்கிறேன். சத்தியம் கேட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு என் வாய் மூடியிருக்கும்.

"ஏன் அத்தை சொல்லல? நான் உங்கள அவ்ளோ பேசினனே."

"உனக்கு சுகரா கீது? துன்ற வயசு, துன்ன. அத்தச் சொல்லி இன்னா ஆவப்போவுது?"

நான் தோளிலிருந்த பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "தொறந்து பாருங்க அத்தை. இன்னும் ஒண்ணு உள்ள கீது."

அவர் பையைப் பார்த்தார். ஜிப் பாதி திறந்திருந்தது. அதை இழுத்து மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"உன் பைய நான் ஏன் தொறக்கணும்? எடுத்துகினு போ."

வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கொஞ்ச நேரம் அழுதேன், சத்தம் வராமல். பிறகு பாதுஷாவை மாமாவுக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, அத்தை குனியக் கூடாது என்பதால் அன்றைய மீனை நானே அலசினேன்.